கடைசிச் சுமைதாங்கி

ஏரிக்குள் இறங்கி நடந்தவர்களுக்கு இது தெரியும். கணுக்கால்வரை சேற்றில் புதைகிற இடத்தில் பாதத்தைச் சுற்றிக் கொப்புளங்கள் கிளம்பும். அசையாமல் நின்றால் அடங்கிவிடும். அடுத்த அடி எடுத்து வைத்தால் மறுபடியும் பொலபொலவென்று வரும். சேற்றை ஒரு கை அள்ளிப் பார்த்தால் மேலே ஏடு மாதிரி பழுப்பாக ஒரு படலம் இருக்கும், அதற்குக் கீழே மைக் கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம்.

சின்ன வயதில் அந்தக் கொப்புளங்களை நண்டு விடுகிற மூச்சு என்று நம்பியிருந்தேன். நண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் மூச்சு என்று நினைத்ததில் தப்பில்லை. அது மூச்சேதான். நண்டைவிட மிக மிகச் சிறிய, நண்டைவிட மிகப் பழைய வம்சத்தைச் சேர்ந்த உயிர்கள் விடுகிற மூச்சு. ஓர் ஏரியில் கிளம்பும் நாலு கொப்புளம் யாரையும் ஒன்றும் செய்யாது. பெரிய பெரிய அணைகளின் அடியில் இதே மூச்சு சேரும்போது காற்றுமண்டலத்தின் கணக்கே மாறுகிறது. அந்த உயிர்கள் யார், எத்தனை வகை, ஒரே சேற்றில் அத்தனை வகை எதற்கு என்பதுதான் இந்த அத்தியாயம்.

வோல்ட்டாவின் பாட்டில்

1776 நவம்பரில் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில், ஆஞ்சேரா என்ற ஊருக்கு அருகே, 31 வயது இளைஞர் ஒருவர் படகில் உட்கார்ந்து நாணல் புதருக்கடியில் சேற்றைக் கோலால் குத்திக்கொண்டிருந்தார். பெயர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. மின்கலம் செய்து புகழ்பெறுவதற்கு இன்னும் 20 வருடங்களுக்கு மேல் இருந்தது. குத்திய இடத்தில் கிளம்பிய கொப்புளங்களைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தார். வாய்ப்பக்கம் நெருப்பைக் காட்டினார். நீலச் சுடர் விட்டு மெதுவாக எரிந்தது.

சதுப்பு நிலத்துக் காற்று தீப்பற்றும் என்பது அவருக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். வோல்ட்டா அதற்கு அப்பால் போனார். எங்கெல்லாம் தாவரங்கள் தண்ணீருக்கடியில் மட்குகின்றனவோ அங்கெல்லாம் இந்த வாயு கிடைக்கிறது என்று இடம் இடமாகச் சோதித்துப் பார்த்து எழுதினார். அதற்கு மீத்தேன் என்ற பெயர் வந்தது அடுத்த நூற்றாண்டில்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏரிச்சேற்றின் நாற்றம் மீத்தேனுடையது அல்ல. மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவினுடையது. அந்த வாயு சேற்றிலிருக்கும் இரும்போடு சேர்ந்துதான் கறுப்பு நிறம் வருகிறது. கறுப்பும் நாற்றமும் நமக்கு ஒரே செய்தியைச் சொல்கின்றன: இங்கே ஆக்சிஜன் இல்லை.

இறக்கி வைக்க ஓர் இடம்

ஆக்சிஜன் எங்கே போயிற்று? சேற்றின் மேல்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தீர்த்துவிட்டன. காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. சேற்றுக்குள் அது ஊறி இறங்குவதும் மெதுவாகத்தான். மட்கும் பொருள் நிறைந்த வண்டலில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அது முழுக்கக் காலியாகிவிடும். பழுப்புப் படலத்தோடு ஆக்சிஜனின் எல்லை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

ஆக்சிஜன் போனபின் சாப்பாடு இருந்தும் பயனில்லாமல் போகிறது. ஏன் என்று புரிய, நம் பழைய சாலையோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்க, தோள் உயரத்தில் நட்ட கல். உணவை உடைத்து ஆற்றலை எடுக்கும் எந்த உயிருக்கும் அப்படியொரு கல் வேண்டும். உணவிலிருந்து கழலும் எலக்ட்ரான்கள்தான் சுமை. அவற்றை எதன்மேலாவது இறக்கி வைத்தால்தான் அடுத்த சுமையை எடுக்க முடியும், ஆற்றலும் கிடைக்கும். நாம் மூச்சிழுப்பது இதற்காகத்தான். ஆக்சிஜன் நம்முடைய சுமைதாங்கி. கிடைப்பவற்றிலேயே மிக வசதியான கல்லும் அதுதான்.

அது தீர்ந்துவிட்டால் சேற்று உயிர்கள் அடுத்ததைத் தேடுகின்றன. முதலில் நைட்ரேட். அதன் பிறகு மாங்கனீஸ், துரு நிலையில் உள்ள இரும்பு. அவையும் முடிந்தால் சல்ஃபேட். முட்டை நாற்றம் கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். கடலடிச் சேற்றில் இந்த வரிசை சல்ஃபேட்டிலேயே வெகுநேரம் நின்றுவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் இரண்டரை கிராமுக்கு மேல் சல்ஃபேட் இருப்பதே காரணம். ஆறும் ஏரியும் அணையும் அப்படியல்ல. நன்னீரில் சல்ஃபேட் சொற்பம். சீக்கிரமே எல்லாக் கற்களும் தீர்ந்து, ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. அது கார்பன் டை ஆக்சைடு. மற்ற உயிர்கள் கழிவாக வெளியே விட்ட பொருள். அதன்மேல் சுமையை இறக்கி மீத்தேனாக மாற்றத் தெரிந்த உயிர்கள் ஒரு கூட்டம் உண்டு. இவற்றை இனி மீத்தேனாக்கிகள் என்று அழைப்போம்.

ஓர் இலையின் ஆறு கார்பன்கள்

கரையோரத்து மரத்திலிருந்து ஓர் இலை அணைத் தண்ணீரில் விழுகிறது. சில நாள் மிதந்து, ஊறி, அடியில் படிகிறது. அதன்மேல் வண்டல் மூடுகிறது. இலையின் உடம்பு பெரும்பாலும் செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சரம். அந்தச் சரத்திலிருந்து ஒரே ஒரு குளுக்கோஸை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம். அதில் ஆறு கார்பன் அணுக்கள். ஆறும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீத்தேனாக்கிகளால் இலையைத் தொடவே முடியாது. செல்லுலோஸை அறுக்கும் நொதிகள் அவற்றிடம் இல்லை. குளுக்கோஸைக் கையில் கொடுத்தாலும் தின்னத் தெரியாது. அவற்றின் வாய்க்கு ஏற்ற உணவு ஒன்றிரண்டு கார்பன் உள்ள மிகச் சிறிய துணுக்குகள் மட்டுமே. ஆகவே முதலில் பாக்டீரியாக்கள் வருகின்றன. சில சரத்தை அறுத்து மணிகளைப் பிரிக்கின்றன. வேறு சில மணியை நொதிக்க வைக்கின்றன. நொதித்தல் என்பது நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கிறதே, அதே குடும்பத்து வேலை. சுமைதாங்கி இல்லாத இடத்தில், சுமையைத் தெருவிலேயே போட்டுவிட்டுப் போவது போன்ற ஏற்பாடு.

நம் குளுக்கோஸ் எல்லாம் கூடிவந்த நிலையில் இப்படி உடைகிறது. நான்கு கார்பன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இரண்டு அசெட்டேட் ஆகின்றன. வினிகரின் புளிப்பு இதுதான். மீதி இரண்டு கார்பன்கள் இரண்டு கார்பன் டை ஆக்சைடுகளாகப் போகின்றன. இறக்க இடமில்லாத எலக்ட்ரான் சுமை நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளாக வெளியே விழுகிறது.

இப்போதுதான் மீத்தேனாக்கிகள் வருகின்றன. ஒரு வகை அந்த நான்கு ஹைட்ரஜனையும் பொறுக்கி, இரண்டு கார்பன் டை ஆக்சைடில் ஒன்றின்மேல் இறக்குகிறது. ஒரு மீத்தேன் கிடைத்தது. இன்னொரு வகைக்கு ஹைட்ரஜன் வேண்டாம். அது அசெட்டேட்டை நடுவே வெட்டுகிறது. ஒரு பாதி மீத்தேன், மறு பாதி கார்பன் டை ஆக்சைடு. இரண்டு அசெட்டேட்டை வெட்டினால் இரண்டு மீத்தேன்.

கணக்கை முடிப்போம். உள்ளே போனவை ஆறு கார்பன்கள். மூன்று மீத்தேனாகவும் மூன்று கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியே வந்தன. மூன்று மீத்தேனில் இரண்டு அசெட்டேட் வழியில் வந்தவை, ஒன்று ஹைட்ரஜன் வழியில் வந்தது. மீத்தேனில் மூன்றில் இரண்டு பங்கு அசெட்டேட்டிலிருந்து வரவேண்டும் என்று ஏரி ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பதற்கு இந்தச் சின்னக் கணக்குதான் அடிப்படை. அளந்து பார்க்கும்போது விகிதம் மாறியிருந்தால், சேற்றில் வேறேதோ நடக்கிறது என்று பொருள்.

ஆற்றல் கணக்கு இன்னும் வியப்பானது. அதே குளுக்கோஸை ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் கிடைக்கும் ஆற்றலை ஏழு பங்காக்குங்கள். சேற்றடியில் இத்தனை வகை உயிர்களும் சேர்ந்து பங்குபோட்டுக்கொள்வது கிட்டத்தட்ட ஒரு பங்கைத்தான். மற்ற ஆறு பங்கும் யாருக்கும் கிடைக்காமல் மீத்தேனுக்குள்ளேயே இருக்கிறது. வோல்ட்டாவின் பாட்டிலில் நீலச் சுடராக எரிந்தது அந்த ஆறு பங்கு. சாண எரிவாயு அடுப்பில் சோறு வேகச் செய்வதும் அதுவே.

ஒன்று என்று நினைத்தது இரண்டு

இந்தச் சங்கிலியில் ஒருவர் கையை ஒருவர் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்பது ஒரு தவறு வழியாகத்தான் தெரியவந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வகங்கள் ஒரு மீத்தேனாக்கியை வளர்த்துவந்தன. ரஷ்ய நுண்ணுயிரியலாளர் ஓமெலியான்ஸ்கியின் நினைவாக அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது சாராயத்தைத் தின்று மீத்தேன் விடும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லின.

1967-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்வின் பிரையன்ட்டும் அவருடைய சகாக்களும் அதைக் கவனமாகப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவை இரண்டு உயிர்கள். ஒன்று சாராயத்தை அசெட்டேட்டாக்கி ஹைட்ரஜனை வெளியே விடும் பாக்டீரியா. மற்றது அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக்குவது. பிரித்துவைத்தால் இரண்டுக்குமே திண்டாட்டம். இரண்டாவதற்குச் சாராயம் தின்னத் தெரியாது. முதலாவது தான் விட்ட ஹைட்ரஜன் தன்னைச் சுற்றியே குவிந்து, மேற்கொண்டு வளர முடியாமல் நின்றுபோயிற்று.

காரணம் இதுதான். ஹைட்ரஜன் குவிந்திருக்கும் இடத்தில் மேலும் ஹைட்ரஜனை வெளியே தள்ளுவதற்கே ஆற்றல் செலவாகும். சேற்றில் இடைநிலையில் தோன்றும் புரோப்பியோனேட் போன்ற அமிலங்களை உடைக்க வேண்டுமானால், ஹைட்ரஜனின் அழுத்தம் காற்றழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாக வேண்டும். அப்படி வைத்திருப்பது ஹைட்ரஜன் தின்னும் மீத்தேனாக்கிகள்தான். கடைசியில் நிற்பவர் கை ஓய்ந்தால் வரிசை முழுக்க முட்டிக்கொண்டு நிற்கும். குப்பை அள்ளுகிறவர் ஒரு வாரம் வராத தெருவில் வாழ்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரே சேற்றில் இத்தனை வகை எதற்கு?

மீத்தேனாக்கிகள் பாக்டீரியாவும் அல்ல. இதைக் கண்டுபிடித்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான். அங்கே உயிர்களின் வம்சாவளியை மூலக்கூறுகளைக் கொண்டு படித்துவந்த கார்ல் வோஸ், சக ஆய்வாளர் ரால்ஃப் வுல்ஃப் வளர்த்த மீத்தேனாக்கிகளை வாங்கிச் சோதித்தார். எல்லா உயிர்களிலும் புரதம் செய்யும் கருவிக்குள் இருக்கும் ஓர் ஆர்.என்.ஏ-வை ஒப்பிடுவது அவர் முறை. பாக்டீரியாக்களில் எப்போதும் தென்படும் அடையாளங்கள் இவற்றில் இல்லை. 1977-இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் வெளியிட்ட கட்டுரை, உயிர்களின் மரத்தில் மூன்றாவதாக ஒரு பெருங்கிளை இருக்கிறது என்றது. ஆர்க்கியா என்று இன்று அழைக்கப்படும் கிளை அது. தொன்மையானவை என்று பொருள். குடும்பத்தில் கடைக்குட்டி என்று நினைத்த ஒருவர் வேறொரு வீட்டையே சேர்ந்தவர் என்று தெரியவந்தது போன்ற அதிர்ச்சி அது. பலர் ஏற்கப் பல வருடம் ஆயிற்று.

இவற்றைச் சேற்றில் எப்படித் தேடுவது? அழகான வழி ஒன்று உண்டு. ஊதா ஒளியை நுண்ணோக்கி வழியே பாய்ச்சினால் பல மீத்தேனாக்கிகள் நீலப்பச்சையாகத் தாமே மினுங்கும். ஹைட்ரஜனைக் கையாள அவை பயன்படுத்தும் ஒரு துணைப்பொருளின் குணம் அது. எந்தச் சாயமும் வேண்டாம். கறுப்புச் சேற்றின் ஒரு துளியில் மின்மினிகள் சிதறிக் கிடப்பது போல இருக்கும். ஆனால் எல்லாம் மினுங்காது. அசெட்டேட் மட்டும் தின்னும் சிலவற்றில் அந்தப் பொருள் மிகக் குறைவு.

அதனால் இப்போது நம்பகமான முறை மரபணுவைப் படிப்பது. எந்த வழியில் மீத்தேன் செய்தாலும் கடைசிப் படியைச் செய்யும் நொதி எல்லா மீத்தேனாக்கிகளுக்கும் பொது. அதன் நடுவில் நிக்கல் அணு ஒன்றைத் தாங்கிய மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. அணையடியில் நீளக் குழாயை இறக்கி வண்டலைத் தூண் போல உருவி எடுக்கிறார்கள். வாழைத்தண்டு நறுக்குவது போல வில்லை வில்லையாக அரிந்து, ஒவ்வொரு வில்லையிலும் உள்ள டி.என்.ஏ-விலிருந்து அந்த நொதியின் மரபணுவை மட்டும் தேடிப் படிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறுவது போல இனத்துக்கு இனம் அதன் எழுத்துகள் சற்று மாறியிருக்கும். அதை வைத்து யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடலாம்.

நன்னீர் வண்டலின் பட்டியலில் அடிக்கடி வரும் இரண்டு பெயர்கள் மெத்தனோரெகுலா, மெத்தனோத்ரிக்ஸ். முதலாவது ஹைட்ரஜன் தின்பது, இரண்டாவது அசெட்டேட் தின்பது. இலைக் கணக்கில் பார்த்த இரு வகையினர்தாம். இவற்றோடு மூன்றாவது வகையும் வரும். இலையின் பெக்டின் மட்கும்போது மெத்தனால் உண்டாகும். மெத்தனாலையும் அதுபோன்ற மெத்தில் சேர்மங்களையும் மட்டுமே நம்பி வாழ்பவை அவை. இவற்றில் ஒரு கூட்டத்தின் முதல் உறுப்பினரை 2012-இல் விவரித்தபோது, அது மனித மலத்திலிருந்து கிடைத்ததாக இருந்தது. பிறகு அதன் உறவினர்கள் ஏரிச் சேறுகளிலும் தென்பட்டன. 2015 வரை, தெரிந்த மீத்தேனாக்கிகள் எல்லாம் ஆர்க்கியாவின் ஒரே உட்கிளையில் இருந்தன. அந்த வருடம் வேறு கிளைகளிலும் அந்த நொதியின் மரபணு தென்பட்டது. 2024-இல் அக்கிளைகளைச் சேர்ந்த சிலவற்றை ஆய்வகத்தில் வளர்த்து, அவையும் மீத்தேன் விடுகின்றன என்று காட்டினார்கள்.

உணவு வேறு என்பதால் ஆட்களும் வேறு. இது எளிதான பதில். எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி வேறொன்று. ஒரே உணவைத் தின்னும் இரண்டு இனங்கள் ஒரே சேற்றில் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன? மெத்தனோத்ரிக்ஸும் மெத்தனோசார்சினாவும் இரண்டுமே அசெட்டேட் தின்பவை. பலசாலி மற்றதை விரட்டியிருக்க வேண்டாமா?

மெத்தனோத்ரிக்ஸ் மயிர் போன்ற இழைகளாக வளரும். பெயரின் பின்பாதிக்குக் கிரேக்கத்தில் மயிர் என்றே பொருள். அது வெகு நிதானம். ஒன்று இரண்டாகப் பல நாள் எடுக்கும். ஆனால் சேற்றுநீரில் அசெட்டேட் கிட்டத்தட்ட இல்லை என்னும் நிலையிலும் அது எஞ்சியதை வழித்தெடுத்துவிடும். மெத்தனோசார்சினா மூட்டை மூட்டையாகத் திரண்டு வளரும். வேகமாகப் பெருகும். அசெட்டேட், ஹைட்ரஜன், மெத்தனால் என்று எது கிடைத்தாலும் தின்னும். ஆனால் அசெட்டேட்டின் அளவு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் அதனால் எடுக்கவே முடியாது. அந்த மட்டம் மெத்தனோத்ரிக்ஸின் மட்டத்தைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு மேலே இருக்கிறது.

ஆகவே அமைதியான, பழகிப்போன வண்டலில் மெத்தனோத்ரிக்ஸின் ராஜ்ஜியம். வெள்ளம் வந்து ஒரு காட்டுக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினாலோ, வறண்ட கரை திரும்ப நனைந்தாலோ அசெட்டேட் திடீரென்று பெருகும். அப்போது மெத்தனோசார்சினா எழும்பும். குவியல் தீர்ந்ததும் அடங்கும். திருவிழாக் கூட்டத்துக்கு நாலு நாள் கடை போடுகிறவரும், வருடம் முழுக்கத் தெருக்கோடியில் கடை வைத்திருப்பவரும் ஒரே ஊரில் பிழைப்பது மாதிரிதான். வெப்பமும் இதில் தலையிடுகிறது. குளிர்ந்த சேற்றில் வேறு சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனை முந்திக்கொண்டு எடுத்து அசெட்டேட்டாக்கிவிடுவதால், அசெட்டேட் தின்பவர்களின் கை ஓங்கும்.

எவ்வளவு மீத்தேன் என்பதைப் பெரும்பாலும் சாப்பாட்டின் வரத்தும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. யார் யார் இருக்கிறார்கள் என்பது வேறொன்றைத் தீர்மானிக்கிறது: வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தாலும் வேலை நிற்காமல் நடக்குமா என்பதை. நான் படித்தவரையில், பன்மையின் மதிப்பு அங்கேதான்.

முழுகிய காடு, முழுகாத ஆறு

தென் அமெரிக்காவின் வடகரையில் பிரெஞ்சு கயானா. அங்கே ஓடும் ஆற்றுக்குச் சின்னமாரி என்று பெயர். நம் ஊர்ப் பெயர் போலக் காதில் விழுவது தற்செயல். அதன் குறுக்கே பெத்தி சோ என்ற இடத்தில் 116 மெகாவாட் நீர்மின் நிலையத்துக்காக அணை கட்டினார்கள். 1994 ஜனவரியில் மதகுகளை மூடினார்கள். மழைக்காட்டை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். தண்ணீர் ஏறி ஏறி, முழுக் கொள்ளளவில் 365 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்தது. முழுகிய மரங்களின் மொட்டைக் கிளைகள் வருடக்கணக்கில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

ஆழத்தில் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்தது. மீத்தேன் பெருகியது. மின்நிலையத்தின் உள்வாங்கு வாய் ஆழத்துத் தண்ணீரை இழுத்ததால், கீழே ஆற்றுக்குப் போன தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, மீத்தேன் இருந்தது. அதைத் தின்ன வந்த பாக்டீரியாக்கள் மிச்சமிருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் உறிஞ்சும் என்பதால் ஆற்று மீன்களுக்கு ஆபத்து. அதனால் அணைக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் அருவி போல விழுந்து காற்றோடு கலக்கும்படி ஒரு தடுப்பு கட்டினார்கள். ஆறு மூச்சு விட்டது. ஆனால் கரைந்திருந்த மீத்தேனின் பெரும்பகுதி அந்த இடத்தில் காற்றுக்குத் தப்பியது. ஆற்றைக் காப்பாற்றச் செய்த வேலை, வானத்துக்கு ஒரு வாசலைத் திறந்தது. அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் தேர்ந்தெடுக்க முடிந்தது.

முதல் சில வருடங்கள் உச்சத்தில் இருந்த மீத்தேன், இலையும் மேல்மண்ணும் மட்கித் தீரத் தீரக் குறைந்தது. காடு ஒருமுறைதான் முழுகும். அப்படியானால் பழைய அணைகளில் பயமில்லை என்று சொல்லலாமா?

சுவிட்சர்லாந்தின் தலைநகர் பெர்னுக்குச் சற்றுக் கீழே ஆரே ஆற்றின் குறுக்கே 1920-இல் கட்டி முடித்த அணை ஒன்று உண்டு. அதன் பின்னால் தேங்கியது வோலென் ஏரி. அங்கே மழைக்காடு எதுவும் முழுகவில்லை. குளிர் நாடு. கட்டி 90 வருடம் ஆனபின் ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 150 மில்லிகிராமுக்கும் மேல் மீத்தேன் வெளியேறிக்கொண்டிருந்தது. மிதவெப்ப நாடுகளின் அணை ஒன்றில் அதுவரை பதிவாகாத அளவு. கோடையில் தண்ணீர் சூடேறினால் ஏரி முழுக்கக் கொப்புளிக்கும்.

பெத்தி சோவில் சாப்பாடு முன்பே கிடங்கில் இருந்தது. வோலெனில் ஆறு தினமும் கொண்டுவந்து இறக்குகிறது. ஓடும் ஆற்றில் இலைதழை அடித்துக்கொண்டு கடலுக்குப் போகும். அணை கட்டினால் நீர் நின்று, அது அடியில் படியும். உரமும் சாக்கடையும் கலந்த நீர் வந்தால் பாசி பெருகி, செத்து, அதுவும் படியும். 2016-இல் உலகின் 250-க்கும் மேற்பட்ட அணை நீர்த்தேக்கங்களின் அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு இதையே சொன்னது: அணை எந்த நாட்டில் இருக்கிறது என்பதைவிட, அதில் பாசி எவ்வளவு விளைகிறது என்பதை வைத்து மீத்தேனை நன்றாகக் கணிக்க முடிகிறது. மனிதர் வெளிவிடும் பசுமைக்குடில் வாயுக்களில் சுமார் 1.3 சதவீதம் நீர்த்தேக்கங்களின் பங்கு என்றும், அதன் வெப்பமூட்டும் தாக்கத்தில் பெரும்பகுதி மீத்தேனால் என்றும் அது கணக்கிட்டது. 20 வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

கொப்புளத்தின் குறுக்குவழி

சேற்றில் பிறக்கும் மீத்தேன் எல்லாம் வெளியே வந்துவிடுவதில்லை. கரைந்த நிலையில் மெதுவாக மேலேறினால், பழுப்புப் படலத்தில் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. இலையின் குளுக்கோஸ் கணக்கில் யாருக்கும் கிடைக்காமல் போன ஆறு பங்கு ஆற்றலை, ஆக்சிஜன் உள்ள இடத்தில் நிற்கும் இவை வசூலித்துக்கொள்கின்றன. பல ஏரிகளில் கரைந்து ஏறும் மீத்தேனில் பெரும்பகுதி இவற்றின் வாய்க்குள் போய்விடுகிறது. நெதர்லாந்தின் கால்வாய்ச் சேற்றிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு பாக்டீரியா இன்னும் விசித்திரமானது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில், நைட்ரைட்டிலிருந்து தானே ஆக்சிஜனைச் செய்துகொண்டு மீத்தேனைத் தின்கிறது.

கொப்புளம் இந்தக் காவலையெல்லாம் தாண்டிவிடும். மீத்தேன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அளவு மீறினால் சேற்றுக்குள் குமிழாகத் திரண்டு அடைபட்டுக் கிடக்கும். ஆழம் குறைந்த இடத்தில் அது கிளம்பினால் சில விநாடிகளில் மேலே வந்து உடைந்துவிடும், தின்ன யாருக்கும் நேரமில்லை. சேற்றின் மேலுள்ள தண்ணீரின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கும் மூடி. பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ நீரைத் திறந்துவிட்டு மட்டம் வேகமாக இறங்கினால் மூடி இலேசாகி, அடைபட்ட குமிழ்கள் கூட்டமாகக் கிளம்பும். ஏரியில் என் பாதம் செய்ததையே அங்கே இறங்கும் நீர்மட்டம் செய்கிறது.

காய்ந்த மண்ணில்

ஒரு கேள்வியை இதுவரை தள்ளிவைத்தேன். பெத்தி சோவில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அது காட்டுத் தரை. காற்றோட்டமான மண். மீத்தேனாக்கிகளுக்கோ ஆக்சிஜன் பகை. அங்கே அவற்றை யார் கொண்டுவந்து விட்டார்கள்?

ஜெர்மனியில் மார்பர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் ரால்ஃப் கோன்ராட் குழுவினர் இதற்குப் பதில் தேடினார்கள். உலகின் பல இடங்களிலிருந்து காற்றோட்டமான மண்ணை எடுத்தார்கள். காட்டு மண், புல்வெளி மண், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து மண்கூட இருந்தது. குப்பியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஆக்சிஜனை நீக்கி மூடிவைத்தார்கள். சில வாரங்களில் பாலைவன மண்ணும் மீத்தேன் விட்டது. 2012-இல் வெளிவந்த முடிவு அது. யாரும் கொண்டுவரவில்லை. முன்பே அங்கேதான் இருந்தன. அந்த மண்களில் எழுந்து வந்தவை முக்கியமாக இரண்டு. ஒன்று மெத்தனோசெல்லா. மற்றது நாம் பார்த்த அதே மெத்தனோசார்சினா. ஆக்சிஜனின் தாக்குதலைச் சமாளிக்கும் நொதிகள் இரண்டிடமும் உண்டு.

சித்திரையில் ஏரிக்குள் இறங்கி நடந்தால் காலில் தண்ணீர் படாது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக் குளம்பும் சைக்கிள் தடமும் பதிந்திருக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்து உடைத்தால் உள்ளே கறுப்பு போய் வெளிறிய செம்பழுப்பு தெரியும். காற்று புகுந்து இரும்பெல்லாம் திரும்பத் துருவாகிவிட்டது. மணம்கூட மண்ணின் மணம்தான். ஐப்பசி மழையில் அது நனைந்து, ஆக்சிஜன் தீர்ந்து, நைட்ரேட்டும் துருவும் சல்ஃபேட்டும் ஒவ்வொன்றாக முடிந்து, கடைசிச் சுமைதாங்கி மட்டும் மிஞ்சுவதற்குச் சில வாரங்கள் ஆகும். பொங்கலுக்கு முன் யாராவது சிறுபிள்ளை அதற்குள் இறங்கி ஓர் அடி எடுத்து வைத்தால், பாதத்தைச் சுற்றிக் கொப்புளங்கள் கிளம்பும்.